காப்புக் கட்டிய பிறகு சென்னைக்கு

குஜிலியம்பாறைப் பக்கம், வானம் பார்த்த பூமி எங்கள் ஊர். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அன்று ஊரில் இருந்தவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படுக்கைக்கு எல்லைக்குள் வந்துவிட வேண்டும். போன வருடம் காப்புக் கட்டிய மறுநாள் சென்னையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு, அதே வாரத்தில். படித்து முடித்த நாளிலிருந்து நான் காத்திருந்த வேலை அது.

பேருந்தில் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்ன பண்றது?" என்றாள் அம்மா. நான் விடவில்லை. விமானத்தில் போய் அன்றைக்கே திரும்பிவிடுகிறேன் என்றேன். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"மெட்ராசு என்ன வேடசந்தூரா, காலையில போயிட்டுப் பொழுதடைய வாரதுக்கு?"

"ஒரு மணி நேரந்தான் சித்தப்பா."

"அது ஆகாசத்துல. தரையில எம்புட்டு?"

அவர் கேட்டது நியாயம்தான். கோழி கூவக் கிளம்பிய வாடகைக் கார் எரியோடு, திண்டுக்கல் தாண்டி மதுரை விமான நிலையத்தை அடைவதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. அங்கே வரிசை, சோதனை, காத்திருப்பு. வானத்தில் இருந்த நேரம் மட்டும் ஒரு டீயோடு முடிந்துபோனது. பிறகு சென்னையின் நெரிசல்.

கல்லூரியில் என் முறை கடைசி. அதுவரை உட்கார்ந்திருந்தால் மாலை விமானம் போய்விடும். எழுந்து நேரே உள்ளே போய், முன்னதாக அழைக்க முடியுமா என்று கேட்டேன். மூத்த பேராசிரியர் காரணம் கேட்டார். பொய் சொல்லப் பிடிக்கவில்லை, காப்பைப் பற்றிச் சொன்னேன்.

"ஃபிளைட்ல வர்ற பொண்ணு, இதையெல்லாம் நம்புறீங்களா?"

"இதுக்காகத்தான் சார் ஃபிளைட்லயே வந்தேன்."

சிரித்துவிட்டார். அடுத்து என்னைத்தான் அழைத்தார்கள். கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னேன். பயப்பட எனக்கு நேரமில்லை.

திரும்பும் விமானம் தாமதம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அறிவிப்புப் பலகையையே முறைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் இறங்கும்போது இருட்டிவிட்டது. ஓட்டுநரை டீக்குக்கூட நிறுத்த விடவில்லை.

ஊர் எல்லையை நெருங்கியதும் கார் வெளிச்சத்தில் அம்மா தெரிந்தாள். எல்லைக்கு வெளியே, சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். காரை அனுப்பிவிட்டு ஓடினேன்.

"இங்க எதுக்கும்மா நிக்கிற?"

"நீ வெளிய கெடக்கையில நான் மட்டும் எப்புடி உள்ள போய்ப் படுக்குறது?" என்றாள். பிறகு, "வேலை கெடைச்சிருமா?" என்று கேட்டாள்.

"கெடைச்சிரும்."

"அப்ப அடுத்த வருசம் காப்புக் கட்டுறதுக்கு முந்தியே அங்கிட்டுப் போயிரு. கட்டுறப்ப ஊருல இல்லாதவுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கெடையாது. இப்பிடி அலையாத."

போகவே கூடாது என்று மல்லுக்கு நின்றவள், நான் போவதற்கு ஆத்தாளிடமே வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"மாட்டேன். கட்டுற அன்னைக்கு நான் இங்கதான் நிப்பேன். தெனமும் போயிட்டு வரணும்னாலும் வருவேன்."

அம்மா என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் ஊருக்குள் நடந்தாள்.