ஆட்டாத கோப்பை

பதூல் எங்கள் ஊருக்கு வந்த முதல் வாரமே காபி குடித்துச் செத்திருப்பார். சக்கர நாற்காலிப் பந்தயத்துக்குப் பெண்களைத் தயார்படுத்த மொராக்கோவிலிருந்து எங்கள் சங்கம் அவரை எங்கள் ஊரான பஹ்லாவுக்கு வரவழைத்திருந்தது. என் தாய்மாமா ஹமூத் வீட்டில் விருந்து. மாமா இடக்கையில் கூஜாவும் வலக்கையில் கோப்பையுமாக நின்று ஊற்றுகிறார். பதூல் குடிக்கிறார். காலியானதும் மாமா மறுபடி ஊற்றுகிறார். போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும் என்று அந்த மனுஷிக்கு ஒருவரும் சொல்லவில்லை. விருந்தாளி ஆட்டாதவரை ஊற்றுகிறவர் கூஜாவைக் கீழே வைக்கக் கூடாது. அவர் மரியாதைக்குக் குடிக்க, இவர் மரியாதைக்கு ஊற்ற, கடைசியில் மாமிதான் எழுந்து பதூலின் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிவிட்டார்.

"ரெண்டு பேரையும் இப்படியே விட்டா விடிஞ்சிரும்" என்றார் மாமி.

அந்தக் கதையை ஊரே சொல்லிச் சிரித்தது. பதூலும் சேர்ந்து சிரித்தார். அவர் பேசுவதும் அரபுதான், நாங்கள் பேசுவதும் அரபுதான். ஆனால் இரண்டும் தெருவில் எதிரெதிரே வந்தால் சலாம் சொல்லிக்கொள்ளாது. பாதி நாள் சைகையில்தான் பயிற்சி நடந்தது. திட்டு மட்டும் தெளிவாகப் புரியும்.

என் பெயர் ஷம்ஸா. சிறு வயதிலேயே கால்கள் போய்விட்டன, அதற்கும் சேர்த்து வாய் வளர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் சக்கர நாற்காலியைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. கேட்காமலே தள்ளுவார்கள். கடைக்குக் கிளம்பிய என்னைப் பள்ளிவாசல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, துஆ செய்துவிட்டுப் போனவர்களும் உண்டு. எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதான் தலைவலி.

போன வருடம் கோட்டையடியிலிருந்து பள்ளி மைதானம் வரை நடந்த பந்தயத்தில் நான்தான் முதலில் வந்துகொண்டிருந்தேன். மாமா வீட்டுக்கு முன்னால் செங்குத்தான மேடு. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்த மாமா ஓடிவந்து முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். வெளியாள் கை பட்டால் ஆட்டம் முடிந்தது. கொடியைத் தூக்கி என்னை நிறுத்திவிட்டார்கள். பதூல் நடுத்தெருவிலேயே மாமாவைப் பிடித்துக் கத்தினார். மாமா சிரித்தபடியே உள்ளே போனார். அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

"எங்க ஊர்ல சண்டை போட்டா சாயங்காலம் ஒண்ணா டீ குடிச்சிருவோம்" என்று பதூல் என்னிடம் புலம்பினார். "இங்க நீங்க சண்டையே போட மாட்டேங்கிறீங்க. சிரிச்சுக்கிட்டே உறவை அறுத்துடுறீங்க. இவங்ககூட எப்படிடி நான் வாழறது?"

பெருநாள் அன்று அவரே அல்வாத் தட்டோடு மாமா வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து மாமாவுக்கு அவர் தங்கச்சி.

இந்த வருடமும் அதே மேடு, அதே பந்தயம். முதலில் வருகிறவளுக்குத்தான் வளைகுடாப் போட்டியில் இடம். வயது வரம்பு இருந்ததால் எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. சலாலாவிலிருந்து தைபா வந்திருந்தாள், தோள் இரண்டும் பாறை. ஆனால் எனக்கு தைபாவை நினைத்துப் பயமில்லை. மாமாவை நினைத்துத்தான் தூக்கம் போனது.

"தொட மாட்டேன், சத்தியம்" என்றார் மாமா.

"அவர் சத்தியம் தண்ணியில எழுதின எழுத்து" என்றார் மாமி. "உன் முகம் வேர்த்ததைப் பார்த்தா அவருக்குக் கால் நிக்காது."

"அன்னைக்கு மட்டும் மஸ்கட் போயிடுங்க மாமா."

"என் பிள்ளை ஓடுறா, நான் மஸ்கட்ல போய் யார் முகத்தைப் பார்க்க?"

பதூல் என் கையுறையை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "அவரை என்கிட்ட விடு. நீ மேட்டுல தலையைத் தூக்காம அடி, போதும்" என்றார்.

பந்தயம் தொடங்கியது. சமதரையில் தைபாவும் நானும் சக்கரத்துக்குச் சக்கரம் போனோம். மேடு வந்ததும் வண்டி கனத்தது. கையை ஓங்கி ஓங்கிச் சக்கர வளையத்தில் குத்தினேன். பாதி மேட்டில் கை வழுக்கி, வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. தைபா என்னைத் தாண்டினாள். சரியாக மாமா வீட்டு வாசல். போச்சு, இதோ முதுகில் கை விழப்போகிறது என்று நினைத்தேன்.

கை விழவில்லை. ஏலக்காய் வாசனைதான் வந்தது.

"தங்கச்சி, பிள்ளை வந்துட்டா. கோப்பையை ஆட்டுங்க" என்று மாமா கெஞ்சுகிறார்.

"இன்னும் கொஞ்சம் அண்ணே. ஏலக்காய் ரொம்ப நல்லா இருக்கு."

"அவ பின்னால உருள்றா, தங்கச்சி!"

"ஊத்துங்க அண்ணே."

தலையைத் தூக்காதே என்று சொல்லியிருந்தும் தூக்கினேன். வாசலில் பாய் விரித்துப் பதூல் உட்கார்ந்திருக்கிறார், நீட்டிய கையில் கோப்பை. மாமாவின் இரண்டு கையிலும் காபி. கண்ணீர் வழிகிறது, காபி சிந்தி அவர் வெள்ளை அங்கியெல்லாம் கறை. வீட்டுப் பையன்கள் பந்தயம் பார்க்கப் போய்விட்டார்கள், கூஜாவை வாங்க ஆளில்லை. விருந்தாளியை விட்டு நகரவும் முடியாது. அந்த மனுஷனிடம் மிச்சமிருந்தது வாய் மட்டும்தான்.

"அடிடி ஷம்ஸா" என்று கத்தினார். "அவளை விடாத, அடி!"

என் வாழ்நாளில் என்னைப் பார்த்து "பாவம், பிள்ளை" என்று மட்டுமே சொன்ன வாய் அது. எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ தெரியவில்லை. மேட்டின் உச்சியில் தைபாவைப் பிடித்தேன், மைதானத்தின் வாசலில் தாண்டினேன். முடிவுக் கோட்டைத் தொட்டபோது எனக்கு முன்னால் யாரும் இல்லை. பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். மெடலைக் கழுத்தில் போட்டார்கள். சுற்றிலும் தேடினேன், பதூலைக் காணவில்லை.

என் சாதாரண நாற்காலிக்கு மாறி, மேட்டிலிருந்து தனியாக இறங்கி வந்தேன். பதூல் அதே பாயில் இருந்தார். முகம் வெளிறியிருந்தது. மாமா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மூணாவது கூஜா" என்றார் மாமி. "இதுக ரெண்டும் இன்னைக்கும் திருந்தல."

பதூல் என் கழுத்தைப் பார்த்தார். மெடலைப் பார்த்தார். பிறகுதான் கோப்பையை ஆட்டினார்.

"ஜெயிச்சதை நீங்க பார்க்கவே இல்லையே கோச்" என்றேன்.

"பார்த்துக்கிட்டு இருந்திருந்தா நீ ஜெயிச்சிருக்க மாட்டடி. இப்ப வழியை விடு, எனக்கு அவசரமா உள்ள போகணும்."

மாமா கூஜாவைக் கீழே வைத்தார். காபி ஊறிய கைகளை அங்கியில் துடைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எங்கள் வீடு மேட்டுக்கு மேலே இருக்கிறது, அங்கே விருந்து காத்திருந்தது. ஆனாலும் அவர் கை வைக்கவில்லை.

"இப்பத் தள்ளலாமாடா?" என்று கேட்டார்.

யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. பிரேக்கை எடுத்துவிட்டேன்.

"தள்ளுங்க மாமா."