விக்டோரியா எழுதவைத்த விலை

புதுவாயலில் வீடு வாங்கவோ விற்கவோ நினைத்தவர்கள் முதலில் தேடியது விக்டோரியாவைத்தான். கம்பெனி கேன்டீனில் காலை ஷிப்டை முடித்துவிட்டு, சேலையில் சாம்பார் வாசனையோடு அவள் வந்து நின்றால் பேரம் படிந்துவிடும். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவன் வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்தவர்கள். ஒரு சென்ட் நிலம்கூட அவர்கள் பெயரில் இருந்ததில்லை. அவர்களுடைய மகள் ஊருக்கே வீடு முடித்துக் கொடுக்கிறாள் என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இருக்கட்டுமே, உழைத்து வந்த தலைக்கனம்தானே.

அவளுக்குக் கைராசி என்றார்கள். கைராசியாவது மண்ணாங்கட்டியாவது! வீடு ஒரு விலைக்குக் கைமாறும். பத்திரத்தில் ஏறுவதோ அரசாங்கம் அந்தத் தெருவுக்குக் குறித்துவைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பு. அது நிஜ விலையில் கால்வாசி தேறினால் பெரிது. மிச்சப் பணம் மஞ்சள் பையில் போகும். முத்திரைச் செலவு மிச்சமான சந்தோஷத்தில் வாங்கினவர் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். நாடு முழுக்க நடக்கிற கூத்துதான், அவள் கண்டுபிடித்ததல்ல. ஆனால் அவள் தெருவில் ஒரு பத்திரம்கூடத் தப்பாமல் பார்த்துக்கொண்டது அவள்தான்.

ஒரே ஒருவன் முரண்டு பிடித்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலைக்குப் போகும் ஸ்டீவன், எதிர்வீட்டை வாங்கியபோது கொடுத்த விலையை முழுசாக எழுத வேண்டும் என்றான்.

"பொய் எழுத மனசு வர்லக்கா."

"உன் ஒருத்தனால தெரு ரேட்டே ஏறிடும். நாளைக்கு வாங்கறவன்லாம் என்னைத்தான் திட்டுவான். ஊரோட ஒத்துப் போ தம்பி, பேஜாரு பண்ணாத."

ஸ்டீவன் ஒத்துப் போனான். புடவையும் எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த வருஷமே சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அவர்கள் தெருவை அளந்து கல் நட்டார்கள். விக்டோரியாவின் வீடும் உள்ளே வந்தது. கல்யாணமான நாள்முதல் அவளும் புருஷன் குணாவும் வயிற்றைக் கட்டி எழுப்பிய இரண்டு அறை; தளம் போட்ட வருஷம்தான் குணா செத்துப்போனான். அழுதாலும் மனதைத் தேற்றிக்கொண்டாள். இழப்பீடு வந்தால் மணவாள நகரில் ஒரு வீடு பார்க்கலாம், மகள் ஸ்நேகா திருவள்ளூரில் ரயிலேறி சென்னை வேலைக்குப் போய்வரலாம் என்று கணக்குப் போட்டாள். வீட்டு விலை அவளுக்குத் தெரியாதா என்ன?

இழப்பீட்டு விசாரணை நாளில் அதிகாரி அறிவித்த தொகையைக் கேட்டதும் தெருவே கொதித்தது. முன்னால் நின்று கத்தியவள் விக்டோரியாதான்.

"இன்னா சார் அநியாயம் இது? இந்த டப்புக்கு கோழிக்கூண்டு கூட வாங்க முடியாது!"

அதிகாரி கோபப்படவே இல்லை. "நாங்களா விலை வைக்கிறோம்? உங்க தெருவுல மூணு வருஷமா பதிவான பத்திரத்தையெல்லாம் எடுத்து, அதுல விலை அதிகமா இருக்கற பாதிக்கு சராசரி போட்டோம். மேல கூட்டிக் குடுக்க வேண்டியதையும் கூட்டியாச்சு. எல்லாமே அடிமட்டமா இருந்தா நான் இன்னாம்மா பண்றது? ஒருத்தராவது கூட்டி எழுதியிருக்கீங்களா?"

கத்தல் அடங்கியது. ஸ்டீவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்து வீட்டு முத்தம்மாதான் வாயைத் திறந்தாள்: "அல்லார் தலையிலயும் மண்ண வாரிப் போட்டியேடி." சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவள் தெருவுக்கே வைத்து, தரகும் வாங்கியிருந்தாள்.

அகலச் சாலை வருகிறது என்றதுமே புதுவாயலின் மற்ற தெருக்களில் விலை எகிறிவிட்டது. பிறந்த ஊரிலேயே அவளால் ஒரு மூலை வாங்க முடியவில்லை. கிடைத்த இழப்பீட்டை நம்பி மணவாள நகருக்குப் போனாள். அங்கே வசந்தகுமார் என்ற தரகன், ரயில் வசதி, கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் என்று அடுக்கிக்கொண்டே ஒரு வீட்டைக் காட்டினான். அவள் வீட்டைவிடச் சின்னது. விலையில் பாதிக்குக்கூட அவள் பணம் காணாது. தெரிந்தும் கேட்டாள்:

"பத்திரத்துல முழு வெலையும் எழுதுவாங்களா?"

வசந்தகுமார் சிரித்தான். "யாருக்கா அப்டி எழுதறாங்க? உன் ஒருத்தியால தெரு ரேட்டே ஏறிடும். கம்மியா எழுதிக்கினா உனுக்குத்தான லாபம்?"

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. எந்தக் கன்னத்தில் அறைவது, அவன் கன்னத்திலா, தன் கன்னத்திலா? வாசற்படி வரை வந்துவிட்டுத் திரும்பினாள்.

"வாடகைக்கு எதுனா இருந்தா சொல்லுப்பா," என்றாள்.