இடப்பக்கம் என்றால் எந்தப் பக்கம்?

தேவாலய முக்கு வந்ததும் சிரில் டாப்செல் பஸ்ஸை நிறுத்துவார். எதிரே வண்டி இருக்காது, ஓர் ஆடுகூட இருக்காது. இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரத்தை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். மணி பார்க்க அல்ல. அந்தக் கடிகாரம் நின்று ரொம்ப நாளாகிறது. கடிகாரம் இருக்கிற பக்கம் இடப்பக்கம் என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்புவார். போர் முடிந்த நாள் முதல் இதே பாதை, இதே முக்கு, இதே இடப்பக்கம்தான்.

ஹேஸ்டிங்ஸ் டிப்போவில் நான் அவருடைய கண்டக்டர். பின்படியில் நின்று மணிக்கயிற்றை இழுப்பது என் வேலை: ஒன்று அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் போகணும். முக்கில் அவர் தயங்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். பயணிகள் பழகிவிட்டார்கள். "மாஸ்டர் யோசிக்கிறாரு" என்று கம்பளிப் பின்னலை எடுத்து இரண்டு கண்ணி போட்டுக்கொள்வார்கள்.

கேண்டீனில் அவரை வறுத்தெடுக்காத நாள் கிடையாது.

"சோத்தாங்கை எது பீச்சாங்கை எதுன்னு தெரியாத ஆளுகிட்ட பஸ்ஸக் குடுத்திருக்கான் பாரு" என்பான் மெக்கானிக் ரெஜ்.

"பஸ் என்னடா, சண்டை விமானத்தையே குடுத்தானுங்களே!" என்பார் சிரில், ரொட்டியில் கொழுப்பைத் தடவிக்கொண்டே.

அது பொய்யில்லை. ஹரிக்கேன் சண்டை விமானம் ஓட்டியவர். வானில் காட்டிய வீரத்துக்கான பதக்கம் வாங்கியவர். வீழ்த்தியது ஐந்தரை விமானம். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றை வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி என்பது விமானப்படைக் கணக்கு.

"அந்த அரை விமானம் தலைப்பக்கமா, வால்பக்கமா?" என்பான் ரெஜ்.

"நானும் கேட்டுப் பாத்தேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

ரொட்டிக்கடை வண்டி ஓட்டிக்கொண்டு, சனி ஞாயிறில் பறக்கப் பழகி, போர் வந்ததும் சார்ஜென்ட் பைலட் ஆனவர். தெற்கு இங்கிலாந்தின் கென்ட் வானத்தில் சண்டை, பிறகு ஸ்காட்லாந்தில் பயிற்சி கொடுக்கும் வேலை, கடைசியில் எகிப்துப் பாலைவனம். நான் இப்படி வரிசையாகச் சொல்கிறேனே தவிர, அவர் வாயில் இது ஒருநாளும் வரிசையாக வந்ததில்லை. பாலைவனத்தில் தொடங்கும் கதை கென்ட் ஆப்பிள் தோட்டத்தில் போய் விழும். "அது கை வெந்ததுக்கு முன்னாடியா, அப்புறமா? உனக்கு ஞாபகம் இருக்கா மேவிஸ்?" என்று என்னையே கேட்பார். நான் அப்போது தொழிற்சாலையில் ராணுவச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள்.

"பயிற்சிக்கு வந்த பசங்களுக்கு இடது வலது நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன் ஒருநாள்.

"அவனுங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தானுங்க."

பதக்கம் வாங்கிய கதையை மட்டும் அவர் சொல்ல மாட்டார். ஊர் சொல்லும். 1940 செப்டம்பரில் எதிரி கூட்டமாக வந்தபோது, எல்லாரும் இடப்பக்கம் திரும்பும்படி தலைவர் உத்தரவிட்டாராம். புதிதாக வந்த கென் பென்ஃபோல்ட் என்ற பையன் குழம்பிப்போய் வலப்பக்கம் திரும்பிவிட்டானாம். அவனைக் காப்பாற்ற சிரில் ஒற்றையாளாக எதிரிக் கூட்டத்துக்குள் பாய்ந்தாராம். அவர்கள் சிதறி ஓடியதில் மற்ற விமானங்கள் தப்பின. கென் மட்டும் விழுந்தான். சிரில் தீப்பிடித்த விமானத்தோடு, இடது கை வெந்து இறங்கினார். அன்று மாலை விசாரித்த அதிகாரியிடம் சிரில் சொன்னது, "என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியல சார்." அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு பதக்கம் கொடுத்துவிட்டார்கள்.

கென்னின் அக்கா எனிட் எங்கள் பஸ்ஸில்தான் தொப்பிக்கடை வேலைக்குப் போவாள். அவளைப் பார்த்தால் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "பாவம், குழம்பிப்போன பையன்" என்பது அவள் காதில் விழும். டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

போன வியாழக்கிழமை கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் எனிட் இறங்கவில்லை. சிரிலும் நானும் பின்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் வந்து நின்றாள்.

"மிஸ்டர் டாப்செல், ஞாயித்துக்கிழமை சர்ச்சில கென் பேரு போட்ட நினைவுக் கல்லைத் திறக்கிறாங்க. நீங்க நாலு வார்த்தை பேசணும்னு அம்மா ஆசைப்படுறாங்க. அவனக் காப்பாத்தப் போனவராச்சே."

சிரில் இன்னொரு மிடறு டீ குடித்தார்.

"இன்னொண்ணு. அவன் வழி தவறுற பையனே இல்ல. இருட்டுல விட்டாலும் வீடு வந்து சேருவான். எப்படிக் குழம்பினான்னு எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல." கைப்பையிலிருந்து ஒரு தோல் கையுறையை எடுத்தாள். இடது கையுறை. அதன் முதுகில் அகலமாக ஒரு சிவப்புப் பட்டை. "அவனோட சாமான்கள்ல இது வந்துச்சு. அம்மா ரத்தம்னு நினைச்சு இத்தனை வருஷமா தொடவே இல்ல. நேத்து பாத்தேன், பெயிண்ட். இது எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

சிரிலின் டீ படியில் கொட்டியது.

"இது என்னோடது" என்றார். அதை வாங்கிப் புரட்டினார். "எனக்கு இடது வலது புரியாதுன்னு ஃபிட்டர் பூசிவிட்டது. சிவப்பு இருந்தா இடது. அன்னைக்கு நான் இதைத்தான் போட்டிருந்தேன்னு..." நிறுத்தினார். "இறங்கினதும் வெந்த கையில ஒட்டிக்கிட்டிருந்த கையுறைய வெட்டி எடுத்தாங்க. நர்ஸ் குப்பையில போட்டுட்டான்னுதான் இத்தனை நாளும்... சிவப்பு கையில இருக்கும்போது நான் எப்படித் தப்பாத் திரும்பியிருப்பேன்? அப்ப கென்தானே தப்பாத் திரும்பியிருக்கணும்? அப்படித்தானே எல்லாரும் சொன்னாங்க? நானும் அப்படித்தான்னு..."

எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வழி கேட்கிறவர் முகம் அது.

"இப்பதான் ஞாபகம் வருது. விமானம் ஏறச் சொல்லி மணி அடிச்சப்ப கென் வெறுங்கையோட ஓடி வந்தான். புதுப் பையன், கையுறைய ரூம்ல விட்டுட்டான். என் ஜோடிய அவன்கிட்டத் தூக்கிப் போட்டேன். நான் ஆணியில தொங்கின யாரோடதையோ மாட்டிக்கிட்டேன். அதுல சிவப்பு இல்ல."

"அப்போ கென்?" என்றேன் நான், தாங்காமல்.

"அவன் எனக்கு ரெண்டாம் ஆளு. எங்க போனாலும் என் வாலை விடக்கூடாது, அதான் அவன் வேலை. அவனுக்கு இடது எதுன்னு தெரியும். கையிலயே சிவப்பு இருக்கு. நான் தப்பாப் போறேன்னு தெரிஞ்சும் என் பின்னாடி வந்தான்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை புரியவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த மனிதர் வீரரா, அசடா, இரண்டுமா?

எனிட் அழவில்லை. "எங்கம்மா பதினாலு வருஷமா தெருவுல தலை குனிஞ்சு நடந்தாங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை இதை நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"சொல்றேன்."

"மாத்திச் சொல்லிடக் கூடாது."

"எனக்குக் குழம்பிடும்" என்றார் சிரில், குழந்தை மாதிரி. "நீங்க எதிர்ல நில்லுங்க."

அவள் அவரிடமிருந்து கையுறையை வாங்கிக்கொண்டாள்.

"இடது கையக் குடுங்க" என்றாள்.

சிரில் வலது கையை நீட்டினார். எனிட் அதை மெதுவாக ஒதுக்கிவிட்டு, அவர் மடியில் கிடந்த இன்னொரு கையைத் தானே எடுத்து, தழும்பேறிய விரல்களை ஒவ்வொன்றாகக் கையுறைக்குள் நுழைத்தாள்.