படுகளத்தில் ஒரு சிப்பாயின் அம்மா

மணிமொழி அழுது ஊரில் யாரும் பார்த்ததில்லை. லாரி ஓட்டப் போன புருஷன் வெள்ளைத்துணியில் சுற்றப்பட்டு வந்த அன்றுகூட, கைப்பிள்ளை இனியனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவள் அவள். மறு வருஷமே புருஷன் பிடித்த ஸ்டீயரிங்கைத் தான் பிடித்தாள். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் கிராமத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மஞ்சள் வேன் அவளுடையது. பொம்பளை ஓட்டும் வேனா என்று முகம் சுளித்தவர்கள் எல்லாம், மழைநாளில் பிள்ளையை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறாள் என்று தெரிந்ததும் அவளிடமே அனுப்பினார்கள்.

அப்படிப்பட்டவளின் நெஞ்சை ஒரே ஒருவனால்தான் ஆட்டிவைக்க முடியும். அவன்தான் இனியன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று வந்து நின்றான்.

மணிமொழி வேண்டாம் என்றாள். கெஞ்சினாள். திட்டினாள். மூன்று வேளை பட்டினி கிடந்தாள். எதற்கும் மசியவில்லை என்றதும் அவன் ஓடிப் பழகும் ஷூவை எடுத்து நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். ஷூ இல்லாவிட்டால் எப்படி ஓடுவான் என்பது அவள் கணக்கு. அவன் வெறுங்காலோடு ஓடினான். விடியற்காலையில் ஊருக்கு வெளியே சரளை ரோட்டில் ஓடிவிட்டு வந்து, குழாயடியில் கால் கழுவினான். கழுவிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. அதைப் பார்த்த தாய் உள்ளே போய் நெல் மூட்டையை நகர்த்தினாள்.

மறுநாளிலிருந்து அவன் ஓட, பின்னால் வேனை மெதுவாக ஓட்டி, ஹெட்லைட்டால் அவனுக்கு வழி காட்டினாள். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டாள்.

"நீ பட்டாளத்துக்குப் போறதுக்கு நான் வெளிச்சம் காட்றேன். சண்டை வரணும்னு மட்டும் என்னால சாமி கும்பிட முடியாதுடா."

"சண்டை வரக்கூடாதுன்னு கும்பிடும்மா. எனக்கும் சேத்து" என்று சிரித்தான் இனியன்.

அவன் தேர்வாகிப் பயிற்சி முடித்து எல்லைக்குப் போனபோது, ஊர் முனையில் அவன் படம் போட்ட பெரிய பிளெக்ஸ் ஏறியது. வைத்தவர் அவளுடைய மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன் அப்பாசாமி. ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் விழாக்குழுவின் தலைவர். காது கொஞ்சம் மந்தம். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் அவர் வீட்டு ரகசியம் எதுவும் ரகசியமாக இருந்ததில்லை. தம்பி பிள்ளை சிப்பாயாகிவிட்டான் என்ற பெருமையில் அந்த பிளெக்ஸின் கீழே தன் படத்தையும் இனியன் அளவுக்கே போட்டுக்கொண்டார்.

இந்த வருஷம் ஆனி மாதம், ஊரில் பாரதக் கூத்தும் தீமிதியும் நடக்கும் அக்னி வசந்த விழாவுக்குக் கொடியேறிய சமயத்தில், எல்லையில் சண்டை மூண்டது. இனியனின் போன் அடங்கிப் போனது.

தொலைக்காட்சியில் யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். ஊரில் எல்லார் போனிலும் கொடி, தீ, பீரங்கி. டீக்கடையில் உட்கார்ந்தபடியே எதிரியின் ஊர்களை ஒவ்வொன்றாகத் தரைமட்டமாக்கினார்கள். மணிமொழியைப் பார்த்ததும், "உன் புள்ள அங்க ஒரு கை பாக்கறான், இல்ல?" என்று உற்சாகமாகக் கேட்டார்கள்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, சாயங்காலம்வரை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, மர நிழலில் வேனை நிறுத்திக் காத்திருப்பது அவள் வழக்கம். அங்கே அந்த வாரம் கொஞ்சம் பேர் தினமும் மத்தியானம் ரோட்டோரம் வரிசையாக வந்து நின்றார்கள். கோஷம் இல்லை. கையில் அட்டை மட்டும். போர் வேண்டாம் என்று தமிழிலும் வேறு மொழிகளிலும் எழுதியிருந்தது. உள்ளூர் கல்லூரிப் பெண்கள், தங்கும் விடுதிகளில் வேலை செய்கிறவர்கள், வெளிநாட்டுக்காரர்கள் சிலர். போகிற வண்டிகளில் இருந்து சிலர் கையசைத்தார்கள். சிலர் காறித் துப்பினார்கள்.

இரண்டு நாள் வேனுக்குள்ளிருந்தே பார்த்தாள் மணிமொழி. மூன்றாம் நாள் இறங்கினாள். சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய 'பள்ளி வாகனம்' பலகையை இழுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வரிசையில் நின்ற கவிநிலா என்ற கல்லூரிப் பெண்ணிடம் கறுப்பு மை பேனாவை வாங்கி, கோணல் எழுத்தில் எழுதினாள்: போர் வேண்டாம். இப்படிக்கு, ஒரு சிப்பாயின் அம்மா.

படித்துப் பார்த்த கவிநிலா தன் இடத்தை விட்டுக்கொடுத்து நகர்ந்து நின்றாள்.

யாரோ போனில் எடுத்த அந்தப் படம் அன்றைக்கே அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை வேன் பாதி காலியாகப் போனது. வாசலில் நின்று ஹாரன் அடித்தால், உள்ளேயிருந்து பிள்ளையின் குரல் கேட்கும், கதவு திறக்காது. எதிர்வீட்டு வள்ளி மட்டும் வெளியே வந்தாள். அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், மகள் பூஜாவின் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டு எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"சண்டைன்னா பயமா இருக்குதுன்னா எதுக்குக்கா பட்டாளத்துக்கு அனுப்பின? உன் புள்ள சண்டை போடாமலே சம்பளம் வாங்கணுமா?"

மணிமொழி கியரைப் போட்டாள்.

வேன் காலியானது அவளுக்கு வலிக்கவில்லை. வேறொன்று வலித்தது. அந்தப் படம் இனியன் கண்ணிலும் பட்டிருக்குமே? கூட இருக்கிற சிப்பாய்கள் முன்னால் என் பிள்ளை தலைகுனிந்து நின்றிருப்பானோ? அம்மாவே இப்படிச் செய்துவிட்டாளே என்று நொந்திருப்பானோ? உயிரோடு திரும்பி வந்தும் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றுவிட்டால்? கேட்கலாம் என்றால் போன் அடங்கிக் கிடக்கிறது. வேனை ஓட்டும்போது அந்தக் கேள்வி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

அப்பாசாமி ஆள் அனுப்பவில்லை, தானே வந்தார். விழாவின் கடைசி நாள், கூத்தில் துரியோதனன் விழும் படுகளத்தன்று, பட்டாளத்துக்காரர் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் மைக்கில் பேர் சொல்லிப் பொன்னாடை போர்த்துவது ஊர் வழக்கம். அவளையும் கூப்பிடுவதாகச் சொன்னார். ஆனால் மேடையேறி, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பொன்னாடையும் இல்லை, ஊர் முனை பிளெக்ஸும் இருக்காது.

"அந்தப் பையன் பேரைக் கெடுத்துட்டியேம்மா" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. அவர் கெட்டவர் அல்ல. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வரேன் மாமா. மைக்கைக் குடுங்க, பேசறேன்" என்றாள் மணிமொழி.

படுகளத்தன்று காலையிலேயே ஊர்ப் பொதுமைதானம் நிரம்பிவிட்டது. நடுவில் களிமண்ணால் செய்த துரியோதனன், ஒரு தெருவின் நீளத்துக்கு மல்லாந்து படுத்திருந்தான். கண் பெரிதாக விழித்திருந்தது. பாரதக் கூத்தில் பீமன் வேஷக்காரர் அவன் தொடையை அடித்துப் பிளந்தார். அம்மன் கூந்தல் முடித்தாள். ஊரே குலவையிட்டது. அடுத்த நிமிஷம் காந்தாரி வேஷக்காரர் முந்தானையை வாயில் கவ்வியபடி ஓடிவந்து மண் பொம்மையின் மேல் விழுந்தார். நூறு பிள்ளைகளைப் பெற்றேனே, கொள்ளி வைக்க ஒருவன் இல்லையே என்று அவர் மாரடித்து அழ, சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் தலைவிரித்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். வள்ளிதான் உரக்க அழுதாள். போன வருஷம் அண்ணனைப் பறிகொடுத்தவள் அவள்.

அழுகை ஓய்ந்ததும் பொன்னாடைக்குப் பேர் வாசித்தார்கள். மணிமொழி ஏறினாள். அப்பாசாமி மைக்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"மன்னிப்பு கேப்பேன்னு எல்லாரும் வந்திருக்கீங்க" என்றாள். "கேக்கறதுக்கு முன்ன எனக்கு ஒரு சந்தேகம். இப்ப அழுதீங்களே, யாருக்காக அழுதீங்க? வள்ளி, நீ சொல்லு. துரியோதனன் நமக்கு மாமனா, மச்சானா? அம்மன் சேலையைப் பிடிச்சி இழுக்கச் சொன்னவன். நம்ம எதிரி. அவன் செத்தா அவன் அம்மாகூட உக்காந்து இந்த ஊரே அழுவுது. என் மாமியா அழுதாங்க, அவங்க மாமியா அழுதாங்க. அழுதுட்டு அவன் மேல இருக்கற மண்ணையே எடுத்தும்போயி நெல்லுல வெக்கறோம். அம்மன் நம்மளை எப்பவாவது துரோகின்னு சொன்னாளா?"

காந்தாரி வேஷக்காரர், கலைந்த சாயத்தோடு தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என் புள்ள அங்க நிக்கறான். நிக்கறது எனக்குப் பெருமைதான். கால்ல ரத்தம் வழிய ஓடிப் போனவன் அவன், பின்னால வெளிச்சம் காட்டினவ நான். ஆனா ஒருத்தியும் இந்த மாதிரி மார்ல அடிச்சிக்கக் கூடாதுன்னு சொன்னேன். இந்தப் பக்கத்துலயும் சரி, அந்தப் பக்கத்துலயும் சரி. அது தப்புன்னா பொன்னாடை வேணாம். பிளெக்ஸைக் கழட்டிக்குங்க. மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்."

அப்பாசாமியின் முகம் கறுத்தது. மைக்கைப் பிடுங்கினார். அவர் வாயைத் திறக்கவும், சட்டைப்பையில் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. தெரியாத நம்பர். பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரைத் தட்டினார். இன்னொரு கையில் மைக் இருந்ததை மறந்துபோனார்.

"பெரிப்பா, நான் இனியன்."

மைதானத்தின் நான்கு மூலைக் குழாய்களிலும் அந்தக் குரல் கேட்டது. மணிமொழி மேடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குப் போட்டேன், எடுக்கல. சண்டை நின்னுடுச்சி பெரிப்பா. நல்லா இருக்கேன். அம்மா போர்டு புடிச்ச போட்டோ இங்க வந்திச்சி. கூட இருக்கற பஞ்சாப்காரன் அர்த்தம் கேட்டான், சொன்னேன். எங்கம்மாவும் இதையேதான் சொல்லுவாங்கன்னு கண்ணைத் தொடச்சிக்கினான். ஊர்ல யாராவது அம்மாவை ஏதாவது சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க இருக்கறப்போ யாரு சொல்லிடுவாங்க?"

அத்தனை ஜனத்தின் முன்னால் அப்பாசாமியின் தோள்கள் குலுங்கின. போனையும் மைக்கையும் சேர்த்துத் தம்பி மனைவியின் கையில் வைத்தார்.

"சாப்பிட்டியாடா?" என்றாள் மணிமொழி.

"சாப்பிட்டேன். அந்த எழுத்தை இன்னும் கொஞ்சம் நேரா எழுதக்கூடாதாம்மா? எங்க அம்மான்னு சொல்லிக்கவே வெக்கமா இருந்திச்சி."

மைதானம் முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது. ஊரில் யாரும் பார்த்திராத ஒன்றும் அப்போது நடந்தது. மணிமொழி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். முதலில் மேடைக்கு ஓடிவந்தவள் வள்ளி. கை நிறைய துரியோதனன் மண். அதை மணிமொழியின் முந்தானையில் போட்டு, முடிந்தும் விட்டாள்.

"நாளைக்கி பூஜாவுக்கு முன்சீட்டு குடுக்கா. வாந்தி எடுக்கறா" என்றாள். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

அப்பாசாமி பொன்னாடையைப் போர்த்தினார். பிறகு, அந்தப் பலகை எங்கே என்று கேட்டார். வேனில் கிடக்கிறது என்றாள். தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்த ஆட்களில் ஏணி ஏறத் தெரிந்த ஒருவனைக் கூட்டிக்கொண்டு அவரே ஊர் முனைக்கு நடந்தார். சாயங்காலம் தீமிதி பார்க்க வந்த சனமெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழைந்தது. மேலே, எங்கள் ஊர்ச் சிங்கம் என்ற எழுத்துக்குக் கீழே, சீருடையில் இனியன். அவனுக்குக் கீழே, அப்பாசாமியின் படம் இருந்த இடத்தை முழுதாக மறைத்துக்கொண்டு, கோணல் எழுத்தில் அவன் அம்மா எழுதிய பலகை.

மறுநாள் காலை மஞ்சள் வேன் நிரம்பி வழிந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பிடி களிமண் காய்ந்துகொண்டிருந்தது. ஊர் முனை வந்ததும் மணிமொழி வேகத்தைக் குறைத்து, ஒரு முறை நீளமாக ஹாரன் அடித்தாள். பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் வழியாக இனியனுக்குக் கைகாட்டிக்கொண்டே போனார்கள்.