அக்காவின் இரண்டு ரிங்

சமையலறையில் போன் அடித்த அதே நொடியில் ஹாலில் மோடத்தின் இணைய விளக்கு அணைந்ததைப் பார்த்தேன். ஏதோ லோன் கொடுக்கிறவர்கள். அம்மா "வேணாங்க" என்று வைத்துவிட்டாள். இரண்டு நிமிடம் கழித்து விளக்கு மெதுவாகப் பச்சைக்குத் திரும்பியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் ஞாயிறுதோறும் எங்கள் நெட்டை அறுப்பது அக்காவேதானா?

அக்கா அயர்லாந்தில் நர்ஸ். அங்கேயே பிறந்த குழந்தையை நாங்கள் இன்னும் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து வீடியோவில் பார்ப்பதோடு சரி. காக்ஸ் டவுனில் எங்கள் பழைய வீட்டின் தடித்த சுவருக்குள் மொபைல் சிக்னல் நுழையாது. டெலிபோன் கம்பியிலேயே வரும் பிராட்பேண்டுதான் கதி. அதனால் அக்கா முதலில் லேண்ட்லைனுக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவாள். வந்து உட்காருங்கள் என்று அர்த்தம். அம்மா ஈரக்கையோடு லேப்டாப் முன்னால் ஓடிவருவாள். திரையில் வட்டம் சுற்றும். நாங்கள் வரவில்லையே என்று அக்கா மறுபடி ரிங் விடுவாள். அப்போதுதான் எழுந்த நெட் திரும்பப் படுத்துவிடும். சில ஞாயிறுகளில் குழந்தையின் ஒரு நெற்றி, பாதிக் கன்னம் மட்டும் தெரியும். அதற்குள் அவளுக்கு டியூட்டி நேரம் வந்துவிடும்.

லைன்மேன் இரண்டு தடவை வந்தார். "லைன் சரியாகித்தான் இதெ குரு, மோடம் மாத்து" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். மாற்றினேன். மழையைத் திட்டினேன். அயர்லாந்தைக்கூடத் திட்டினேன்.

இப்போது சமையலறை போனின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, தெருவுக்கு ஓடி, மொபைலிலிருந்து வீட்டுக்கு அடித்தேன். ஹாலில் இருக்கிற போன் அடித்தது.

"பச்சை எரியுதாம்மா?"

"எரியுதுடா. கத்தாதே, தெருவே பாக்குது."

ஒயரைத் திரும்பச் செருகி மறுபடி அடித்தேன். விளக்கு போயே போய்விட்டது.

பேச்சும் நெட்டும் ஒரே கம்பியில் வருகின்றன. ஹால் போனுக்கு முன்னால் இரண்டையும் பிரிக்கிற ஃபில்டர் இருக்கிறது, தீப்பெட்டி அளவுக்கு. சமையலறை போனுக்கு இல்லை, அதனால் அது அடித்தாலே நெட் அறுந்துவிடுகிறது. ஹாலிலிருந்து சமையலறைக்கு அந்த ஒயரை இழுத்து அங்கே போன் வைத்தது வேறு யாருமில்லை, நான்தான். அக்கா விமானம் ஏறிய வாரம், குக்கர் சத்தத்தில் அவள் ரிங் அம்மாவுக்குக் கேட்காமல் போய்விடக்கூடாதே என்று.

"அந்தப் போனையே எடுத்துடலாமாம்மா?"

அம்மா ரிசீவர்மேல் கையை வைத்துக்கொண்டாள். "வாரம் பூரா இது அடிக்குமான்னுதான்டா இங்க நிக்கிறேன்."

சிவாஜிநகரில் பழைய டெலிபோன் சாமான் விற்கும் கடையில் தேடி ஒரு ஃபில்டர் வாங்கிவந்து மாட்டினேன். தெருவிலிருந்து அடித்துப் பார்த்தேன், விளக்கு அசையவில்லை. ஆனால் வீடியோ ஓடும்போது தாங்குமா, தெரியாது. அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்: இந்த ஞாயிறு ரிங் விடாதே, நேராக வீடியோவில் வா, பேசிக்கொண்டிருக்கும்போதே லேண்ட்லைனுக்கு அடி.

"லூசாடா நீ? முகம் தெரியறப்போ எவளாவது அதைக் கெடுத்துப்பாளா?" என்று குரல் பதிவில் திட்டினாள். பின்னால் குழந்தை ஏதோ கத்தியது. அம்மா அந்தக் கத்தலை மட்டும் நாலு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு ஞாயிறுக்கு அம்மாவே ஒரு நிபந்தனை போட்டாள். குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கிறதாம். சோபாவிலிருந்து கதவு வரைக்கும் அது நடப்பதை அவள் முழுசாகப் பார்த்து முடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அக்கா ரிங் விடலாம்.