குங்குமம் வைத்து அழைத்த கூடைப்பந்து

எங்கள் ஊரில் கூடைப்பந்து பார்க்க ஆள் வருவதில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ராஜபாளையத்தில் கூடைப்பந்துக்கு இல்லாத கூட்டமா? மில்லில் ஷிப்டு முடிந்ததும் பஞ்சு ஒட்டிய தலையோடு நேரே வந்து, காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆனால் அதெல்லாம் ஆம்பிளைகள் ஆடும்போது. எண்பதுகளின் கடைசியில் நான் படித்த பெண்கள் கல்லூரியில் நாங்கள் ஆடினால், பார்க்க வருவது ஒரு வாட்ச்மேன், ஒரு ஆடு. வாட்ச்மேன் இடைவேளையில் டீ குடிக்கப் போய்விடுவார். ஆடு கடைசிவரை இருக்கும்.

கூடப் படித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். தேவதானம் பக்கம் போகிற பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று அதன் கண்டக்டருக்கே தெரியாது. வெளி ஆண்களை வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். மிச்சம் யார் இருக்கிறார்கள்?

ஒருநாள் பிரின்சிபால் மேடம் எங்கள் டீமைக் கூப்பிட்டார். சைக்கிளில் வருகிற பிள்ளைகள் வண்டியை வெயிலில் போட்டு டயர் வெடிக்கிறது, அவர்களுக்கு ஒரு ஷெட் வேண்டும், கூடைப்பந்து மைதானம்தான் தோதான இடம் என்றார்.

“சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜோட மேட்ச் இருக்குல்ல? ஆட்டம் முடியிற நேரத்துக்கு வந்து பாப்பேன். நாற்காலியெல்லாம் நிறைஞ்சிருந்தா மைதானம் உங்களுக்கு. இல்லேன்னா சைக்கிளுக்கு” என்றார்.

நியாயமான பெண்மணி. அதுதான் எரிச்சலாக இருந்தது. அநியாயக்காரி என்றால் திட்டிவிட்டாவது போகலாம்.

எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது. இத்தனைக்கும் நான் பெரிய ஆட்டக்காரி இல்லை. பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பவள். ஆனால் அந்த மைதானத்தில்தான் நான் ஓட முடியும். வேறு எங்கே ஓடினாலும் “யாருட்டி துரத்துதாக?” என்று கேட்கிற ஊர் அது.

எங்கள் கேப்டன் அழுகிற ஜாதி இல்லை. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவள்தான் யோசனை சொன்னாள்.

“ஏட்டி, நோட்டீஸ் ஒட்டினா நம்மூர்ப் பொம்பளைக வருவாகளா? வரமாட்டாக. குங்குமச் சிமிழோட வாசப்படி ஏறிப் போய்க் கூப்பிட்டா வராம இருப்பாகளா?”

இருக்க மாட்டார்கள். குங்குமம் எடுத்துக்கொண்ட பிறகு விசேஷத்துக்கு வராமல் இருப்பது எங்கள் பக்கத்தில் கொலைக் குற்றத்துக்கு அடுத்த குற்றம். அன்று மாலையே பாவாடை தாவணி கட்டி, தட்டில் குங்குமமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினோம். கேப்டன் சொல்வது ஒரே வாக்கியம்தான்: “சனிக்கிழமை சாயங்காலம் காலேஜ்ல விசேஷம், அவசியம் வந்துரணும்.” என்ன விசேஷம் என்று அவளும் சொல்லவில்லை. குங்குமத்தோடு வந்த பிள்ளைகளைத் துருவிக் கேட்பது மரியாதை இல்லை என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். ஒருத்தி மட்டும், “எந்த ஊர்க்காரவுக வாராக?” என்று கேட்டாள். “ஸ்ரீவில்லிபுத்தூர்” என்றாள் கேப்டன். அது உண்மைதானே. கேட்டவள் முகம் மலர்ந்து, “நல்ல இடம்” என்றாள்.

என் வீட்டுக்கும் போனோம். அம்மா நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, “இம்புட்டு முறையாக் கூப்பிடுதீக, வராம இருப்பேனா?” என்றாள். நான் ஒரு வருஷமாக மேட்ச் பார்க்க வா, வா என்று கெஞ்சியவள். எனக்கு மட்டும் குங்குமம் வைக்கத் தோன்றியிருக்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம் வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் சீர் சாமான். வயசுக்கு வந்த சடங்கு என்று நினைத்தவர்கள் எவர்சில்வர் டம்ளர் கொண்டு வந்திருந்தார்கள். நிச்சயதார்த்தம் என்று நினைத்தவர்கள் பழத்தட்டு. வளைகாப்பு என்று யார் நினைத்தார்களோ, ஒரு டஜன் கண்ணாடி வளையலும் வந்திருந்தது. பி.டி. மேடம் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

வாசலில் சந்தனக் கிண்ணம் வைத்திருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் டீமும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. விருந்தாளிகள் ஆயிற்றே என்று வந்திருந்த பொம்பளைகள் அவர்கள் கையிலும் சந்தனம் அப்பிவிட்டார்கள். அதன் பிறகு பந்து ஒருத்தி கையிலும் நிற்கவில்லை. முதல் பாதி முழுவதும் பந்து மணமாக வழுக்கிக்கொண்டே இருந்தது.

விசேஷம் என்பது பனியன் போட்ட பத்துப் பெண்கள் ஒரு பந்தைப் பிடுங்கிக்கொள்வதுதான் என்று தெரிந்ததும் கூட்டம் கொஞ்சம் திகைத்தது. ஆனால் அழைத்த இடத்தில் குறை சொல்லக் கூடாது. உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் ஆரம்பித்தது வினை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் கூடையில் போட்டால் கூட்டமே கைதட்டியது. எங்களில் ஒருத்தி போட்டால் பேச்சுமூச்சு இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் தட்டியது என் அம்மா. அவள் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம்.

நான் பெஞ்சிலிருந்து திரும்பி, “அம்மா, அவுக எதிர் டீமு” என்றேன்.

“அதுக்கு? வந்த பிள்ளைகளை வாயை மூடிட்டுப் பாத்தா என்ன நினைப்பாக? அதோட அது எங்க ஊருப் பிள்ளைக” என்றாள்.

பக்கத்து வீட்டு அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், “நம்ம பிள்ளைக கொஞ்சம் விட்டுக்கொடுத்தாத்தான் என்ன?” என்று கேட்டாள். விட்டுக்கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே தோற்றுக்கொண்டுதான் இருந்தோம்.

எப்படியோ நாற்காலி நிறைந்திருந்தது. அது போதும். இடைவேளையில் பி.டி. மேடம் என்னிடம், “அடுத்த பாதியில நீ இறங்கு” என்றார். கையிலிருந்த துண்டுகளைப் பெஞ்சில் போட்டேன். அம்மா பார்க்க ஆடப்போகிறேன்!

அந்த நேரம் பார்த்து எங்கள் கேப்டன் ஒரு காரியம் செய்தாள். வந்தவர்களுக்குக் கொடுக்க வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துத் தாம்பூலப் பை போட்டிருந்தோம். ஆட்டம் முடிந்து வேர்வையோடு நின்று கொடுப்பானேன், இப்போதே கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இடைவேளையிலேயே வரிசையாகக் கொடுத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் குங்குமம் வைக்கத் தெரிந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்று. தாம்பூலம் கொடுத்தால், போய் வாருங்கள் என்று அர்த்தம்.

அம்மா முதலில் எழுந்தாள். “சரி, தாம்பூலம் குடுத்துட்டாக. கெளம்புவோம்” என்றாள். கூட்டமே எழுந்துவிட்டது. முறை தெரிந்தவர்கள் இல்லையா, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்களிடமும் போய், “வாரோம் தாயி, நல்லா ஆடுதீக” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். ஐந்து நிமிஷத்தில் மைதானத்தைச் சுற்றி வெறும் நாற்காலிகள். ஆடு மட்டும் நின்று யாரோ தவறவிட்ட வெற்றிலையைத் தின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆபீஸ் வராந்தாவில், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, பிரின்சிபால் மேடம் படி இறங்குவது தெரிந்தது.

நான் ஓடினேன். கூட்டம் கேட்டை நெருங்கிவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட முடியாது. புறப்பட்டவர்களைப் பின்னால் கூப்பிட்டால் சகுனத் தடை, அம்மா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அதனால் அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் ஓடி, கேட்டின் குறுக்கே கையை விரித்து நின்றேன்.

“என்னட்டி, இந்த உடுப்போட ரோட்டுல வந்து நிக்குத?” என்றாள் அம்மா.

மைதானம் போய்விடும், சைக்கிள் ஷெட், பிரின்சிபால் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

“சாப்பிடாமப் போறீகளே! பந்தி இனிமேத்தான்!”

கூட்டம் நின்றது. “அப்பமே சொன்னேன்ல, சோறு போடாம ஒரு விசேஷமா?” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தார்கள். பிரின்சிபால் மேடம் மைதானத்துக்கு வந்தபோது நாற்காலி போதாமல் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா நேரே அவரிடம் போய், “நீங்கதான் விசேஷ வீட்டுக்காரவுகளா? ரொம்ப சந்தோசம்” என்று ஒரு எவர்சில்வர் டம்ளரை அவர் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டார். சீர் வாங்கியவர் சாப்பாடு போடாமல் எப்படி அனுப்புவார்? விஷயம் கேட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஹாஸ்டல் சமையல்கட்டுக்கு ஆள் அனுப்பினார்.

இரண்டாம் பாதியில் பந்து என் கைக்கு ஒரே ஒரு தடவை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன். அதுவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே தட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. “ஏட்டி, அது எம்பிள்ளை!” பந்து வளையத்தில் பட்டு வெளியே போய்விட்டது. அம்மா எழுந்து நின்று தட்டினாள். “விழலேன்னா என்ன? எம்புட்டு உசரம் போச்சு பாத்தீகளா?” என்று சுற்றியிருந்தவர்களைக் கேட்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அது கூடையில் விழுந்திருந்தால்கூட அவ்வளவு இருந்திருக்காது.

தோற்றோம். பிறகு பந்தி நடந்தது. தோட்டத்து வாழை இலையில் ஹாஸ்டல் ரவை உப்புமா. பிரின்சிபால் மேடமே குனிந்து குனிந்து சீனி போட்டார். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அன்று ராத்திரி பொரிகடலைதான். கை கழுவும்போது மேடம் எங்கள் பக்கம் வந்து, “ஷெட்டை லைப்ரரிக்குப் பின்னால போட்டுக்கலாம். அடுத்த மேட்சை மட்டும் சமையல்காரம்மாகிட்ட முன்னாலேயே சொல்லித் தொலைங்க” என்றார்.

அடுத்த மேட்ச் அடுத்த மாதமே வந்தது. அன்று மத்தியானம் நான் உடுப்பை எடுத்துக்கொண்டு, “அம்மா, வாரியா?” என்றேன்.

“எனக்கு யாரு குங்குமம் வச்சா? அழைப்பில்லாத இடத்துக்கு நான் வரமாட்டேன்” என்றாள். அதைச் சொல்லும்போதே பட்டுச்சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். நான் சாமி மாடத்துக் குங்குமத்தை எடுத்து வந்து நீட்டினேன்.