மச்சானை வைப்பராக்கிய ஞாயிற்றுக்கிழமை

என் பழைய காரின் வைப்பர் ஆள் பார்த்து ஆடும். மழையில் நின்றுவிடும்; செங்கம் ரோட்டு எலக்ட்ரீஷியன் முன்னால் மட்டும் சொக்கத்தங்கமாக ஓடும். ஃபியூஸ் மாற்றினேன், சுவிட்ச் மாற்றினேன். மூன்றாவது முறை போனபோது, "வைப்பர் நல்லாத்தாங்க இருக்கு. நீங்க ஒருவாட்டி டாக்டர பாருங்க" என்றார்.

அந்த நிலைமையில்தான் போன ஐப்பசியில் என் மனைவியின் தம்பிக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு வீட்டில் பஜ்ஜி தின்றாயிற்று. ஒரு வீடும் சரி சொல்லவில்லை. இது கீழ்பென்னாத்தூர் பெண். நாலரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் வாசல் தாண்டிவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

"மழ வர்ற மாதிரி கீது. பஸ்ஸுலயே போயிடலாம் மாமா."

"மாப்ள பஸ்ல போய் எறங்குனா எவன்டா பொண்ணு குடுப்பான்?"

நல்ல காரியமாயிற்றே என்று மனைவி காரின் முன்கண்ணாடியில் வெளியே இடது பக்கம் சந்தனம் குழைத்துத் தடவி, மேலே மூன்று பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள்.

ஊரைத் தாண்டியதும் கொட்டியது. வைப்பர் பாதி வழியில் நின்றது. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது இரண்டு தடவை ஆடிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. மூளை இருப்பவனுக்கு எங்கேயோ ஒயர் லூஸ் என்று புரிந்திருக்கும். மோட்டாரின் எர்த் ஒயர்தான். மறுநாள் ஒரு ஸ்க்ரூவை முறுக்கியதோடு சரியானது. அன்றைக்கு நடுக்கத்தில் எனக்குப் பள்ளம்தான் மருந்தாகத் தெரிந்தது. தேடித் தேடி இறக்கினேன்.

"மாமா, பள்ளம் பாத்து ஓட்டுங்க!"

"பாத்துதான்டா உடறேன்!"

பிறகு புதிதாகப் போட்ட ரோடு வந்து தொலைத்தது. பெயருக்கு ஒரு குழி கிடையாது.

"மணி நாலு" என்றாள் மனைவி பின்சீட்டிலிருந்து.

"ஓரமா நிறுத்துங்க மாமா, பானட்ட தொறந்து பாக்கறேன்."

"நேரமில்ல. கைய வெளிய உட்டுத் தொடைடா!"

"புதுச் சட்ட மாமா."

"சட்டைக்காடா கல்யாணம்?"

அவன் ஜன்னல் வழியே இடுப்புவரை வெளியே போய் இடது பாதியைத் துடைக்க, நான் அந்தப் பக்கமாகச் சாய்ந்து அவன் துடைத்த இடைவெளி வழியே ரோட்டைப் பார்த்து, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன்.

நாலு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவன் வெள்ளைச் சட்டையில் மணிக்கட்டிலிருந்து காலர்வரை சிவப்பு. பெண்ணின் அத்தை அலறினாள்: "ஐயையோ, யாரு மேல ஏத்திட்டு வந்தீங்க?"

நான் விடுவேனா? நடந்ததையெல்லாம் கை கால் ஆட்டி நடித்தே காட்டினேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. காபி கொண்டுவந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவனைக் கேட்டாள்:

"வண்டிய நிறுத்தச் சொல்லலீங்களா?"

"சொன்னேங்க. மாமா கேக்கல."

"அப்பறம்?"

"தொடச்சேங்க."

தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் அப்பாவும் பின்னாலேயே போனார். சுவர் தாண்டித் தெளிவாகக் கேட்டது: "இவர கட்டிக்கிட்டா அந்த ஆளுக்கும் சேத்து வாக்கப்படணும்பா. வேணாம்."

வாசலில் மச்சான் நனைந்த செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அடுத்த வாட்டி நீங்க வராதீங்க மாமா."

எனக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவன் எனக்குப் போட்ட முதல் உத்தரவு அது. ஒரு மணி நேரம் முன்னால் ரோட்டிலேயே ஒன்று போட்டிருந்தால் அவனுக்குக் கல்யாணமே நிச்சயமாகியிருக்கும்.